இடது கையின் தாமதம்

செப்டம்பர் 28, சனி

தண்ணீர்க் கேன் இன்றும் வரவில்லை. இரண்டு முறை போன் செய்தாயிற்று. துவைத்த துணி நேற்றிலிருந்து நாற்காலியில் குவிந்து கிடக்கிறது. இந்த வாரம் முழுக்க ஸ்டுடியோவில் ஒரு சீரியல் மாமியாரின் வசனங்களிலிருந்து மின்விசிறிச் சத்தத்தை நீக்கிக்கொண்டிருந்தேன். காதுக்குள் அந்த விசிறி இன்னும் ஓடுகிறது.

கோஷி அங்கிள் வந்திருந்தார். ‘பேசின் பிரிட்ஜ்’ தொடங்கி நாற்பத்தைந்து வருடமாம். பெரம்பூர் ரயில்வே குடியிருப்புப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த ராக் இசைக்குழு. கோஷி அங்கிள் கிட்டார், அப்பா டிரம்ஸ். டிசம்பர் 14 அன்று ஒரு கல்லூரி அரங்கில் கடைசியாக ஒரு முறை வாசிக்கப்போகிறார்கள். அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து அங்கிள் விஷயத்துக்கு வந்தார்.

“ரெண்டு டிரம்மர், ஒரு சீட்டு. உங்கப்பா எண்பத்தெட்டுல அரக்கோணத்துக்கு மாத்தலாகிப் போனப்புறம் டெஸ்மண்ட்தான் வாசிச்சான். ரெண்டு பேரும் இருக்காங்க. பதினோரு பாட்டு. யாருக்கு எதுன்னு நான் பிரிச்சா ஒருத்தன் என்கூடப் பேச மாட்டான். நீ ரெண்டு பேரையும் ரெக்கார்ட் பண்ணிக் கேளு. கேட்டு எனக்கு அனுப்பு.”

“அங்கிள், அவர் என் அப்பா.”

“அதான் உங்கிட்ட கேக்கறேன். வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் அந்தாளு மேல கோபம் இருக்கும். சலுகை காட்ட மாட்டே.”

சரி என்றேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நேராக அண்ணாநகர். கோஷி அங்கிள் வீட்டுக் கார் ஷெட்டில் டிரம்ஸ் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு டிரம்முக்கும் தனித்தனி மைக் வைத்தேன். இருவரும் ஒரே மூன்று பாட்டுகளை வாசித்தார்கள்.

டெஸ்மண்ட் அங்கிளுக்கு எழுபது, அப்பாவை விட நான்கு வயது கூடுதல். ஒரு காதில் கருவி. உட்கார்ந்ததும் இருக்கையை மூன்று முறை உயர்த்தினார். “முட்டி போச்சு மேன், இப்ப நான் பார்ல உக்கார்ற மாதிரிதான் உக்காரணும்” என்றார். அப்பா அதே பழைய உயரத்தில், தரையோடு தரையாக உட்கார்ந்தார்.

“லூர்து, எழுந்திரிக்க கிரேன் சொல்லட்டுமா?” என்றார் டெஸ்மண்ட் அங்கிள்.

“உனக்கு ஏணி இருக்கு இல்ல, அது போதும்” என்றார் அப்பா.

நன்றாகத்தான் இருந்தார்கள்.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து தீய்ந்தது. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்குக் குளியலறை வரை வாசனை வந்தது. “கவனிக்கல” என்றார்.

அடுப்பைத் தேய்த்துவிட்டு, பகல் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகளைக் கேட்டேன். கூடவே வெளிநாட்டு ராக் டிரம்மர்கள் சிலரின் இளமைக்கால, முதுமைக்கால வீடியோக்களையும் பார்த்தேன். நாவல்களில் முதுமை பெரும்பாலும் ஓர் அத்தியாய இடைவெளியில் வந்துவிடுகிறது. திருப்பினால் நரை. டிரம்மருக்கு அது பாகம் பாகமாக வருகிறது. முதலில் கணுக்கால், காலால் மிதிக்கும் கிக் டிரம்மின் இரட்டை அடி ஒற்றை அடியாகிறது. பிறகு தோள், சிம்பல் தட்டுகள் எல்லாம் அரையடி கீழே இறங்கி வருகின்றன. பிறகு மூச்சு. மணிக்கட்டு கடைசிவரை நிற்கிறது. சிலர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அதற்குக் கனம் என்று பெயர் வைக்கிறார்கள். சிலர் பக்கத்தில் இன்னொரு டிரம்மரை உட்காரவைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் அத்தனை சிரமத்தையும் முகத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார். கை என்ன செய்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

டெஸ்மண்ட் அங்கிள் விட்டுக்கொடுத்து முதுமையடைந்திருக்கிறார். தொண்ணூறுகளில் எட்டு அடி அடித்த இடத்தில் இப்போது மூன்று. மற்ற ஐந்தும் எங்கே இருந்தன என்பது கேட்பவருக்குத் தெரிகிற மாதிரி அந்த மூன்றை வைக்கிறார். இடைவெளியையும் சேர்த்து வாசிக்கிறார் என்று சொல்லலாம்.

அப்பா ஒன்றையும் விடவில்லை. எட்டும் இருக்கிறது. எட்டும் அதனதன் இடத்தில் இல்லை.

மைக்கை நான் சரியாக வைக்கவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் மாற்றிப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 5, சனி

மம்மி புரசைவாக்கம் போய் அப்பாவுக்கு நான்கு டி-ஷர்ட் வாங்கி வந்தாள். “பட்டன் வெச்ச சட்டையெல்லாம் யாரு அயர்ன் பண்றது” என்றாள். இத்தனை வருடமும் அவள்தான் செய்தாள்.

அக்டோபர் 9, புதன்

மைக்கில் பிழை இல்லை.

கணினித் திரையில் ஒவ்வோர் அடியும் ஒரு முள்ளாகத் தெரியும். வலது கை சிம்பலில் விழும்போது இடது கை முழங்கால்களுக்கு நடுவே இருக்கும் ஸ்நேர் டிரம்மில் விழ வேண்டும். இரண்டு முள்ளும் ஒன்றன் கீழ் ஒன்று நிற்க வேண்டும். அப்பாவின் இடது கை பின்தங்குகிறது. ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் ஐம்பத்தைந்து. அடுத்தது இருபது. அடுத்தது எழுபது. பிறகு பத்து. டெஸ்மண்ட் அங்கிளுக்கு ஐந்தைத் தாண்டவே இல்லை.

இருக்கை உயரம் காரணமாக இருக்கலாம். புது ஸ்டிக் வேறு. சர்க்கரையும் இருக்கிறது அவருக்கு.

இன்று கடைக்கு அவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் படிக்க முடியவில்லை. ‘துவரம்பருப்பு’ நன்றாகத் தெரிகிறது. வரிக்கு வரி எழுத்து சிறுத்துக்கொண்டே போய், ‘கடுகு’ கடுகளவுக்கு வந்துவிட்டது. பேனா சரியில்லை என்றார். நான் புதுப் பேனா இரண்டு வாங்கி வந்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

இதை எழுதத்தான் வேண்டுமா என்று தெரியவில்லை.

கோஷி அங்கிளுக்குப் பதிவுகளை அனுப்புவதற்கு முன்னால் சுத்தம் செய்தேன். என் வேலையே அதுதான். இரைச்சலை எடுப்பேன், தும்மலை எடுப்பேன், நடிகர் விழுங்கிய எழுத்தை வேறொரு டேக்கிலிருந்து வெட்டி ஒட்டுவேன். அப்படித்தான் ஆரம்பித்தேன். அப்பாவின் ஸ்நேர் அடி ஒன்று மிகவும் விலகி நின்றது. பிடித்து இழுத்து சிம்பல் முள்ளுக்குக் கீழே வைத்தேன். பக்கத்து அடி இப்போது அதைவிட மோசமாகத் தெரிந்தது. அதையும் இழுத்தேன். மூன்று பாட்டு, நானூற்றுப் பன்னிரண்டு அடி. மதியம் சாப்பிடவில்லை.

டெஸ்மண்ட் அங்கிளின் பதிவைத் தொடவில்லை. தேவைப்படவில்லை.

அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். ஸ்டுடியோ இல்லை. அப்பா வண்டியை மேட்டில் நிறுத்தப் போனார். அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார். மாடியிலிருந்து பார்த்தேன். அவர் நடக்கும்போது வலது கை மட்டும் வீசுகிறது. இடது கையில் எதையோ ஏந்தி வருகிறார் என்று நினைத்தேன். கை வெறுமனே இருந்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

கோஷி அங்கிள் எல்லோர் முன்னாலும் அறிவித்துவிட்டார். பதினோரு பாட்டும் அப்பாதான். ‘லெவல் கிராசிங்’ பாட்டின் நான்கு நிமிடத் தனி டிரம்ஸ் உட்பட. டெஸ்மண்ட் அங்கிளுக்குக் கடைசிப் பாட்டில் குலுக்குவதற்குச் சலங்கை வைத்த டாம்பரின்.

“நான் நம்பல லூர்து. ரெக்கார்டிங் கேட்டேன். மெஷின் மாதிரி இருக்கே. வயசு உனக்கு எந்தப் பக்கம் போகுது?” என்றார் கோஷி அங்கிள்.

அப்பா சிரித்தார். இந்த வருடம் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. டெஸ்மண்ட் அங்கிள் டாம்பரினை எடுத்துத் தட்டிப் பார்த்தார். “பொம்பளைப் புள்ளைங்க வாசிக்கறது. பரவால்ல, நான் தலைமுடி வளத்துக்கறேன்.” அவருக்குத் தலையில் முடியே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

மேடையில் அடிகளை இழுத்து வைக்க என்னால் முடியாது. அறிவிப்பு வந்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது என்று எழுதினால் யார் நம்புவார்கள்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் நடக்க இடமில்லை. மம்மியும் அப்பாவும் தாத்தா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அப்பா தீக்குச்சியைப் பற்றவைத்தார். மம்மி அவர் இடது கையிலிருந்த மெழுகுவத்தியை வாங்கித் தான் பிடித்துக்கொண்டாள். பல நாள் பழக்கம் போல இருந்தது.

டெஸ்மண்ட் அங்கிள் நான்கு வரிசை தள்ளி அவர் மனைவியின் கல்லறையைக் கழுவிக்கொண்டிருந்தார். வாளியைப் பிடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

“கோஷி எனக்கும் அனுப்பினான். அந்த ரெக்கார்டிங்.”

நான் தண்ணீரை ஊற்றினேன்.

“உங்கப்பன மாதிரி வாசிக்கணும்னு நான் ஒரு வருஷம் முயற்சி பண்ணேன், தெரியுமா உனக்கு? கேசட்ட போட்டுப் போட்டு. வரல. ஏன்னா அவன் இடது கை எப்பவும் லேட்டு. ஒரு துளி. வலது கை போன பின்னாடி, யோசிச்சுட்டு வர்ற மாதிரி வரும். அதுக்குத்தான் ஹால் முழுக்க ஆடும். என்னுது கரெக்டா விழும். கரெக்டா விழுந்தா கை தட்டுவாங்க, ஆட மாட்டாங்க.”

“அங்கிள்—”

“இரு மா. நீ அனுப்பினதுல எல்லாம் கரெக்டா விழுது. அது லூர்து இல்ல. எனக்கு டாம்பரின் குடுத்ததுக்காக சொல்றேன்னு நெனைக்காத. கோஷிகிட்ட நான் சொல்லல, சொல்லவும் மாட்டேன். ஆனா அவன் கைக்கு என்ன ஆச்சு?”

தெரியாது என்றேன். துணியைப் பிழிந்து என்னிடம் கொடுத்தார். “அந்த மூலைய தொடச்சுடு. எனக்குக் குனிய வராது.”

நவம்பர் 3, ஞாயிறு

அப்பா வாசித்த 1983ஆம் வருடக் கேசட்டைக் கணினியில் ஏற்றி அளந்தேன். இடது கை, வலது கைக்கு இருபது பின்னால். அடுத்தது இருபது. இருபத்தொன்று. இருபது. பாட்டு முழுக்க. ஆறு நிமிடம். ஒருவர் ஒரு தாமதத்தை இவ்வளவு துல்லியமாக வைத்திருக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

ஆக, பின்தங்குவது பிழை இல்லை. அது அவருடையதாக இருந்தது. இப்போது பத்து, எழுபது, இருபது, ஐம்பத்தைந்து. இது அவருடையது இல்லை. நான் இரண்டையும் சேர்த்து அழித்திருக்கிறேன்.

அயனாவரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் 21ஆம் தேதிக்குப் பெயர் பதிந்தேன். வீட்டில் சொல்லவில்லை. துணி மடித்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

ஒத்திகை மோசம். ‘லெவல் கிராசிங்’கில் அப்பா இரண்டு முறை ஸ்டிக்கைத் தவறவிட்டார். கோஷி அங்கிள் கிட்டாரை இறக்கி வைத்துவிட்டு, “அன்னிக்கு எப்படி வாசிச்சே, நீயே கேளு” என்று ஸ்பீக்கரில் அந்தப் பதிவைப் போட்டார். சத்தமாக.

அப்பா முழுப் பாட்டையும் கேட்டார். கார் ஷெட்டின் கதவருகே நான் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோக்காரரிடம் பாதை சொன்னார்.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. பேச்சில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

நவம்பர் 16, சனி

மம்மி அன்பிய ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். அப்பா சமையலறைக்கு வந்து நின்றார்.

“ஜெனோ, உன் கம்ப்யூட்டர்ல அந்த ரெக்கார்டிங் இருக்கா?”

“எது டாடி?”

“நான் வாசிச்சது. நீ கோஷிக்கு அனுப்பினது இல்ல.”

கையைக் கழுவினேன். எலுமிச்சை தேய்த்து இரண்டாம் முறையும் கழுவினேன். நேரம் கடத்தினேன் என்பதுதான் உண்மை.

என் அறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “எல்லாத்தையும் போடு. யாருன்னு சொல்லாத” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் டெஸ்மண்ட் அங்கிள். சீக்கிரமே தலையாட்டினார். “இவன் கெழவனாயிட்டான். ஆனா தெரிஞ்சு கெழவனாயிருக்கான். நல்லாருக்கு.”

1983. அரை நிமிடத்திலேயே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். “இவனுக்கு திமிரு. போதும்.”

பிறகு, செப்டம்பரில் அவர் வாசித்தது, நான் தொடாதது. இதை முடியும்வரை கேட்டார். அவருடைய இடது கை மடியில் இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது போல அசைந்துகொண்டிருந்தன. பாட்டுக்கும் அந்த அசைவுக்கும் சம்பந்தமில்லை.

“இந்தாளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. அந்தக் கைதான் அவர் பேச்சக் கேக்கல.”

கடைசியாக, நான் அனுப்பியது. கண்ணைத் திறந்தார்.

“இது யாரு?”

“நான்தான் டாடி.”

“உனக்கு டிரம்ஸ் வராது” என்றார். பிறகு, “எவ்ளோ நாளா தெரியும்?”

“செப்டம்பர்லேர்ந்து.”

“எனக்கு மார்ச்லேர்ந்து தெரியும்.”

“மம்மிக்கு?”

“டி-ஷர்ட் யாரு வாங்கினா?”

மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அதற்குள், “மீனு வெளிய இருக்கு, பூனை வரும்” என்று எழுந்துகொண்டார்.

நவம்பர் 17, ஞாயிறு

பட்டியலை அவர் சொல்ல நான் எழுதினேன். அவருடைய எழுத்தைக் கோஷி அங்கிளால் படிக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். பத்துப் பாட்டு, டெஸ்மண்ட். ‘ஈவினிங் லோக்கல்’ மட்டும் லூர்துராஜ். அதில் முதல் மூன்று நிமிடம் டிரம்ஸ் கிடையாது. கடைசி ஒன்றரை நிமிடத்துக்குத்தான் நுழைய வேண்டும்.

“மெதுவான பாட்டு எதையாவது எடுத்துக்கலாமே டாடி” என்றேன்.

“மெதுவா வாசிக்கறது இன்னும் கஷ்டம். ஒவ்வொரு அடியும் தனியா மாட்டும்.”

போனில் கோஷி அங்கிளிடம் நானே சொன்னேன், நானூற்றுப் பன்னிரண்டு அடியையும். “எனக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்றார். பிறகு, “உன்ன அப்புறம் திட்டறேன், இப்ப வேண்டாம்” என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 21, வியாழன்

மருத்துவர் என் வயதுப் பெண். அப்பாவை நடக்க வைத்தார், எழுத வைத்தார், காப்பித்தூளை முகர வைத்தார்; அப்பாவுக்கு வாசனை தெரியவில்லை. பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகலமாகத் திறந்து திறந்து தட்டச் சொன்னார்.

“எந்த ஸ்பீடுல டாக்டர்?”

“உங்களால முடிஞ்ச வேகத்துல சார். பெருசா தட்டுங்க.”

வலது கை அழகாகத் தட்டியது. இடது கை ஆறாவது தட்டிலிருந்து சிறுத்துக்கொண்டே போய், பதினோராவதில் நின்றது. எண்ணக்கூடாது என்று சுவரில் இருந்த மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணிவிட்டேன்.

“இந்தக் கை எப்பவும் கொஞ்சம் லேட்டாதான் வரும் டாக்டர்.”

“எப்பலேர்ந்து சார்?”

“எழுபத்தொன்பதுலேர்ந்து.”

அவர் எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மம்மி சிரித்துவிட்டாள், சிரிப்பு நிற்காமல் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அது சிரிப்பாக இல்லை.

பார்க்கின்சன். மாத்திரை ஒரு நாளைக்கு மூன்று வேளை. அந்தச் சொல்லை இந்த நோட்டில் முதல்முறையாக எழுதுகிறேன். செப்டம்பரிலேயே, பதிவு செய்த அன்று இரவே, தேடிப் படித்திருந்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

நேற்று நான்கு மணிக்கு ஆரம்பித்தது. முக்கால்வாசி இருக்கைகள் நிறைந்தன. நான் அரங்கின் பின்னால் ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்தேன். டெஸ்மண்ட் அங்கிள் பத்துப் பாட்டு வாசித்தார். ‘லெவல் கிராசிங்’ தனி டிரம்ஸை ஒரு நிமிடமாகச் சுருக்கி, அதிலும் பாதியைச் சும்மா விட்டார். முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அப்பா பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டார். மம்மி கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து மணிக்கு மாத்திரை கொடுத்திருந்தாள். ஆறு மணிக்கு அது வேலை செய்ய வேண்டும்.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டெஸ்மண்ட் அங்கிள் எழுந்தார். அப்பா வந்தார். இருக்கை டெஸ்மண்ட் அங்கிளின் உயரத்தில் இருந்தது. யாரோ இறக்கப் போனார்கள், வேண்டாம் என்று அப்படியே ஏறி உட்கார்ந்தார். டெஸ்மண்ட் அங்கிள் மேடையை விட்டு இறங்கவில்லை. டாம்பரினை மடியில் வைத்துக்கொண்டு பின்படியில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்று நிமிடம் கிட்டாரும் பாட்டும் மட்டும். அப்பா இரண்டு ஸ்டிக்கையும் தொடைமேல் வைத்துக் காத்திருந்தார். விளக்கு அவர்மேல் விழுந்திருந்தது. இடது கையில் இருந்த ஸ்டிக்கின் நுனி நடுங்கியது. கடைசி வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது என்றால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அவர் அதை மறைக்கவில்லை. என் விரல் அவருடைய ஸ்நேர் மைக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபொத்தானில் இருந்தது. ஒலியைக் குறைத்தால் யாருக்கும் கேட்காது.

கோஷி அங்கிள் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். வலது கை சிம்பலில் விழுந்தது. இடது கைக்காகக் காத்திருந்தேன். ஒலியைக் கொஞ்சம் ஏற்றினேன்.

வந்தது. தாமதமாகத்தான் வந்தது. முன்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து ஆட ஆரம்பித்தார், அறுபது வயதிருக்கும்.

எவ்வளவு தாமதம் என்று இன்று காலை டெஸ்மண்ட் அங்கிள் போனில் கேட்டார். தெரியாது என்றேன். பதிவுப் பொத்தானை நான் அழுத்தவே இல்லை.